உப்பை உள்ளே வைத்துப் பூசாதீர்கள்

பெருந்துறைப் பக்கம் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். புதுக் கார் எடுத்த தம்பிகள் இப்போதெல்லாம் ஏதாவது ஒரு கனடா வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதில் ஒரு காரின் அடித்தகடு கை பட்டாலே பொலபொலவென்று உதிரும். "நம்ம வண்டியும் இப்பிடி ஆயிருமுங்களாண்ணா? இன்னைக்கே அடியில துரு பிடிக்காம கறுப்பு கோட்டிங் அடிச்சு உட்ருங்க" என்பார்கள். பயம் நியாயமானது. ஆனால் அந்த அவசரத்தில், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் பட்டறைகளில் செய்த அதே தவறுகள் திரும்ப நடக்கின்றன.

அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிறார்கள். உப்புத் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது. உப்பின் அளவு சரியாக இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூடத் தாங்கும். சாலை வழுக்காது, ஆனால் அந்த உப்புச் சேறு வண்டியின் அடியில் போய் அப்பிக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும், அதில் உப்பு தீர்ந்தும் போகாது. கழுவி எடுக்கும்வரை அங்கேயே இருந்து அரித்துக்கொண்டிருக்கும்.

வண்டி கழுவப் பாத்திரச் சோப்பு போடாதே, காய்ந்த துணியால் தூசி தட்டாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

நம்ம ஊரில் உப்பு ஏது என்று நினைப்பது

போர் தண்ணியை ஒரு தடவை டிடிஎஸ் மீட்டரில் (தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) பாருங்கள். திருப்பூர், பல்லடம் பக்கம் 2000 காட்டுவது ஒன்றும் அபூர்வமில்லை. அதாவது லிட்டருக்கு 2 கிராம். 10 லிட்டர் வாளித் தண்ணி வண்டி மேலேயே காய்ந்தால் 20 கிராம் உப்பும் சுண்ணாம்பும் அங்கேயே தங்கும். கடல் தண்ணியில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். திருச்செந்தூர், தனுஷ்கோடி போய் வந்த வண்டியின் அடியை அந்த வாரமே நல்ல தண்ணியில் கழுவிவிட வேண்டும். கண்ணாடிக்கு மட்டும் தண்ணி அடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொரு வழியை யாருமே யோசிப்பதில்லை. பொள்ளாச்சிப் பக்கத் தோப்புக்காரர்கள் தென்னைக்குப் போடும் கல்லுப்பையும் பொட்டாஷையும் டிக்கியில்தான் ஏற்றி வருகிறார்கள். பொட்டாஷும் ஒரு வகை உப்புதான். மூட்டையில் சிந்தியது டிக்கி விரிப்புக்கு அடியில் இறங்கி, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டெப்னி குழியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

ஈரச் சேற்றின் மேலேயே கோட்டிங் அடிப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். கோபியிலிருந்து ஒரு வண்டி வந்தது. மேலே பெயிண்ட் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே ஓடும், ‘சில்’ என்கிற தகட்டில், உளுந்தம்பருப்பு அளவில் இரண்டு கொப்புளம். வண்டிக்காரர் நம்பவே இல்லை. "கோட்டிங் அடிச்சு ரெண்டு வருசந்தானுங்க ஆச்சு" என்றார். வண்டியைத் தூக்கி ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு கணீரென்று கேட்கும். இங்கே பொத்துப் பொத்தென்று கேட்டது. பட்டிக் கரண்டியை விளிம்பில் கொடுத்ததும் கறுப்புப் பூச்சு தோசை போல முழுசாகப் பெயர்ந்து வந்தது. உள்பக்கத்தில் செம்மண் ஒட்டியிருந்தது, இன்னும் ஈரத்தோடு. அதற்குப் பின்னால் தகடு இல்லை, துருதான் இருந்தது.

எப்படி நடந்தது என்று கேட்டேன். காலையில் வண்டியை விட்டாராம். பிரஷரில் தண்ணி அடித்து, ஒரு மணி நேரத்தில் பூசி, மதியச் சாப்பாட்டுக்குள் சாவியைக் கொடுத்துவிட்டார்களாம். அடித்தது போர் தண்ணி. இரண்டு தகடு சேரும் இடுக்கில் போன தண்ணி ஒரு மணி நேரத்தில் காயவே காயாது. உப்பு, ஈரம், மண் மூன்றையும் உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். பூச்சு இல்லாமல் விட்டிருந்தால் வெயிலிலாவது காய்ந்திருக்கும். போதாததற்குச் சில் தகட்டின் வடிகால் ஓட்டைகளையும் சேர்த்துப் பூசியிருந்தார்கள். மழைத் தண்ணி உள்ளே இறங்கும், வெளியே வர வழியில்லை. கடைசியில் தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டு வைக்க வேண்டியதாயிற்று. கோட்டிங்குக்குக் கொடுத்த காசெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமேயில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய கார்களின் பாடியைக் கம்பெனியிலேயே ப்ரைமர் (பெயிண்டுக்கு அடியில் வரும் முதல் பூச்சு) தொட்டியில் முழுக்கி எடுக்கிறார்கள். பல மாடல்களில் அடியிலும் பூச்சு வருகிறது. அதனால் கடலோரம் இல்லாத ஊர்களில் ஓடும் புது வண்டிக்கு அவசரமே கிடையாது. அடித்தே ஆகவேண்டுமென்றால் வண்டியைக் குறைந்தது இரண்டு நாள் விடுங்கள். டயருக்கு மேலே இருக்கும் வீல் ஆர்ச் பிளாஸ்டிக்கைக் கழற்றி, நல்ல தண்ணியில் கழுவி, இடுக்கெல்லாம் கம்ப்ரஸர் காற்று அடித்து, ஒரு முழு நாள் காயவிட வேண்டும். துரு தெரிந்தால் கம்பி பிரஷ், எமரி, அதன் மேல் ப்ரைமர். அதற்குப் பிறகுதான் பூச்சு. சைலன்ஸர், பிரேக், சென்ஸார், வடிகால் ஓட்டை எதிலும் படக் கூடாது. சில் தகட்டின் உட்புறத்துக்குக் கறுப்புப் பூச்சு சரிவராது, ஊர்ந்து பரவும் மெழுகு வகைதான் வேண்டும். உப்புச் சாலைகளில் ஓட்டுகிறவர்களிலும் பலர் எண்ணெய், மெழுகு வகையைத்தான் வருடாவருடம் புதுப்பிக்கிறார்கள். பூசும் முன் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

உச்சி வெயிலில் கழுவுவது

சித்திரை வெயிலில் பானட் தொடவே முடியாத சூட்டில் இருக்கும். போர் தண்ணி பட்டதும் சொட்டுச் சொட்டாகக் காய்ந்து வெள்ளை வட்டம் விழும். அது சுண்ணாம்பு. கறுப்பு வண்டியில் பளிச்சென்று தெரியும். வாரக்கணக்கில் விட்டால் மேல் வார்னிஷில் பதிந்துவிடும், பிறகு பாலீஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மொத்தப் பெயிண்டே சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) கனம்தான், அதை எத்தனை தடவை தேய்ப்பது? காலையிலோ சாயங்காலமோ நிழலில் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது சிறுவாணிக் குழாய்த் தண்ணியோ மழைத் தண்ணியோ ஒரு வாளி எடுத்து வையுங்கள். காயும் முன் துடைத்துவிடுங்கள்.

வாட்டர் சர்வீஸில் அடியில் டீசல் அடிக்கச் சொல்வது

வேண்டாம். ரப்பர் புஷ் ஊதிக் கெட்டுப்போகும், புழுதியும் ஒட்டும்.

ஈர வண்டிக்குக் கவர் போடுவது

காயட்டும், பிறகு போடுங்கள்.

கல் பட்ட புள்ளியைத் தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று விடுவது

அவிநாசி ரோட்டில் லாரி தெறித்த கல் பானட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும். தகடு தெரிகிறதென்றால் அன்றைக்கே சுத்தம் செய்து, அந்தப் புள்ளிக்கு மட்டும் டச்-அப் பெயிண்ட் வைக்க வேண்டும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் சுற்றியிருக்கும் பெயிண்டைத் தூக்கிக்கொண்டே பரவும். கடையில் வண்டியின் கலர் கோட் (code) கேட்பார்கள். அது கதவுத் தூணிலோ பானட்டுக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும், போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.