பாய்மரப் படகுப் பந்தயம்: புள்ளிக் கணக்கைக் கணினியில் போடுவது எப்படி?

பினாங்கில் தஞ்சோங் புங்கா, பத்து பெரிங்கி பக்கம் சின்னப் பாய்மரப் படகுகளுக்குப் பந்தயம் வைக்கலாம் என்றால் கொடி பிடிக்க, மிதவை போட எல்லாம் ஆள் வந்துவிடும். யார் எத்தனாவது என்று கணக்குப் போடத்தான் யாரும் உட்கார மாட்டார்கள். அந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் மேலே படியுங்கள்.

நான் பயன்படுத்துவது செயில்வேவ். இலவச மென்பொருள், விண்டோஸில் ஓடும். எக்செல் போதாதா என்று கேட்பார்கள். ஒரே நாளில் முடிகிற பந்தயத்துக்குத் தாராளமாகப் போதும். தெலுக் பகாங் அணைக்கட்டில் நடக்கும் டிராகன் படகுப் போட்டி மாதிரி நேர்கோட்டில் ஓடி, முதலில் வந்தவர் முதல் என்றாலும் எக்செல் போதும். ஆனால் மாதக்கணக்கில் நீளும் தொடர் பந்தயத்தில் வராதவர், பாதியில் திரும்பியவர், நடுவில் புதிதாகச் சேர்ந்தவர் என்று வரும்போது எக்செல் சூத்திரங்கள் சிக்கலாகிவிடும்.

விதியை முதலில் எழுதுங்கள்

பாய்மரப் பந்தயத்தில் புள்ளி குறையக் குறைய நல்லது. முதலாவது வந்தால் 1, இரண்டாவது வந்தால் 2, அப்படியே போகும். இது உலகப் பாய்மரச் சங்கத்தின் விதிநூலில் இணைப்பு ஏ-வில் இருக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை விதிநூல் புதுப்பிக்கப்படும். இப்போது நடப்பது 2025–2028 பதிப்பு.

கணினியைத் திறப்பதற்கு முன் மூன்று விஷயத்தை முடிவு செய்து, பந்தய அறிவிப்பில் எழுதிவிடுங்கள். தொடரில் எத்தனை பந்தயம்? எத்தனை முடிந்த பிறகு மோசமான ஒன்றைக் கழிக்கலாம்? வராதவருக்கு எத்தனை புள்ளி?

மூன்றாவது கேள்வியில்தான் சண்டை வரும். தொடரில் 8 படகு பதிந்திருக்கிறது, ஒரு ஞாயிறு 5 படகுதான் கடலுக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான விதிப்படி, வீட்டிலேயே இருந்தவருக்கு 9 புள்ளி (பதிந்த 8, கூட ஒன்று). காற்றில் கவிழ்ந்து பந்தயத்தை முடிக்க முடியாமல் போனவருக்கும் அதே 9. வந்து போராடியவனுக்கும் தூங்கியவனுக்கும் ஒரே தண்டனையா என்று படகோட்டும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பார்கள், அது நியாயமான கேள்விதான். இதற்காகவே இணைப்பு ஏ-வில் 5.3 என்ற பிரிவு உண்டு. அது பொருந்தும் என்று அறிவிப்பில் எழுதிவிட்டால், வந்து முடிக்காதவருக்கு 6 (வந்த 5, கூட ஒன்று), வராதவருக்கு 9. மாதக்கணக்கில் ஓடும் தொடருக்கு இதைத்தான் சொல்வேன்.

தொடரை உருவாக்குதல்

புதிய தொடர் ஒன்றைத் திறந்து பெயர், இடம் போடுங்கள். அப்புறம் புள்ளி முறை அமைப்புக்குப் போனால், கழிவு என்ற இடத்தில் எண்களை வரிசையாகத் தட்டச் சொல்லும். 0,0,0,1 என்று போட்டால் முதல் மூன்று பந்தயம் வரை கழிவு இல்லை, நான்காவது முடிந்ததும் ஒன்று கழியும். இங்கே எண்ணப்படுவது நடந்து முடிந்த பந்தயங்கள் மட்டுமே. காலையில் சுமாத்ரா புயல்காற்று வந்து பந்தயத்தை ரத்து செய்தால், அதற்கு முடிவே பதியாதீர்கள்.

அதே அமைப்பில் குறியீடுகளின் பட்டியலும் இருக்கும். டிஎன்சி என்றால் தொடக்க இடத்துக்கே வரவில்லை. டிஎன்எஃப் என்றால் தொடங்கினார், முடிக்கவில்லை. ஓசிஎஸ் என்றால் தொடக்கச் சைகைக்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டு, திரும்பி வந்து சரி செய்யவில்லை. டிஎஸ்கியூ தகுதிநீக்கம். மேலே சொன்ன 5.3-ஐ எடுத்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு குறியீட்டையும் திறந்து புள்ளி எப்படி வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

பெயர்ப் பட்டியல்

பத்துப் பேர் என்றால் கையாலேயே தட்டலாம். அதற்கு மேல் என்றால் எக்செலில் தயார் செய்து, சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து உள்ளே இழுங்கள். முக்கியமான பத்தி பாய் எண், அதாவது படகின் பாயில் எழுதியிருக்கும் எண். பெயரை ரோமன் எழுத்தில், அடையாள அட்டையில் உள்ளபடி போடுங்கள். ஒரு மாதம் ஏ/எல் (இன்னாரின் மகன் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்) சேர்த்து, அடுத்த மாதம் சேர்க்காமல் புதிதாகப் பதிந்தால், ஒரே பிள்ளை இரண்டு பேராக நிற்பான்; படகு எண்ணிக்கை கூடி எல்லோருடைய டிஎன்சி புள்ளியும் ஏறிவிடும்.

நிஜமாகவே புதிதாக ஒருவர் சேர்ந்தாலும் அதே கதைதான். 8 படகு 9 ஆனதும், போன மாதம் வராதவரின் 9 புள்ளி தானாக 10 ஆகும். “போன வாரம் 9 இருந்ததே, எப்படி 10 ஆச்சு?” என்று வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். கணக்கு சரிதான். பதிவுக்குக் கடைசி நாள் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

முடிவுகளைப் பதிதல்

முடிவுக் கோட்டில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாய் எண்ணை உரக்கச் சொல்ல, இன்னொருவர் பென்சிலால் எழுத வேண்டும். பேனா எழுத்து மழைத் தண்ணீர் பட்டால் கரைந்து போகும். பக்கத்தில் கைப்பேசியில் குரல் பதிவும் ஓடட்டும். ஈரத் தாளில் 1083-ஆ 1038-ஆ என்று சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

கணினியில் பாய் எண் வழிகாட்டி என்ற கருவியைத் திறந்து, தாளில் உள்ள வரிசைப்படி படகுகளைச் சேர்த்துக்கொண்டே போங்கள். மீதி இருப்பவர்களுக்குக் குறியீடு கொடுங்கள். இங்கே அவசரம் வேண்டாம். வராதவருக்கும் முடிக்காதவருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால், யார் யார் கடலுக்கு வந்தார்கள் என்ற பட்டியலைத் தொடக்கத்திலேயே எடுத்திருக்க வேண்டும்.

பிறகு மறுகணக்கு கட்டளையைக் கொடுங்கள். வந்த பட்டியலை அப்படியே நம்பாமல், சமப் புள்ளி உள்ள இருவரைக் கையால் போட்டுப் பாருங்கள். ஒருவர் 1, 3, 2, 5. இன்னொருவர் 2, 2, 4, 2. மோசமானதைக் கழித்தால் இருவருக்கும் 6. மீதி உள்ளதை நல்லதிலிருந்து வரிசையாக வைத்தால் 1, 2, 3 ஒரு பக்கம், 2, 2, 2 மறுபக்கம். முதல் வேறுபாடே 1, எனவே முதலாமவர் ஜெயிக்கிறார். கழித்த 5-ஐ இங்கே பார்க்கக் கூடாது.

வேறு வேறு படகுகள் கலந்து ஓடினால்

எல்லோரும் ஒரே வகைப் படகு என்றால் இதை விட்டுவிடலாம். லேசர், ஆப்டிமிஸ்ட் என்று வேறு வேறு வகைப் படகுகள் சேர்ந்து ஓடினால், ஒவ்வொரு படகும் எடுத்த நேரத்தைக் குறிக்க வேண்டும். பிரிட்டனின் பாய்மரச் சங்கம் ஒவ்வொரு படகு வகைக்கும் அதன் வேகத்தைப் பொறுத்து வெளியிடும் போர்ட்ஸ்மத் எண் இதற்கு உதவும்: எடுத்த விநாடிகளை 1000-ஆல் பெருக்கி, படகின் எண்ணால் வகுக்க வேண்டும். எண் 1100 உள்ள படகு 40 நிமிடம் 10 விநாடியில் வந்தால், 2410 விநாடி 2191 ஆகிறது. எண் 1640 உள்ள படகு 58 நிமிடம் 30 விநாடியில் வந்தாலும் 3510 விநாடி 2140 ஆகிவிடும். பின்னால் வந்த சின்னப் படகே வெற்றி. உண்மையான எண்களை நடப்பு ஆண்டுப் பட்டியலில் பார்த்துப் போடுங்கள். ஸ்டாப்வாட்ச் வேண்டாம்; தொடக்கத்தையும் முடிவையும் ஒரே கடிகாரத்தின் மணி நேரமாக எழுதினால், யாராவது பொத்தானைத் தவறி அழுத்தினாலும் பாதிப்பில்லை. கிள்ளானிலிருந்து லங்காவி வரை போகும் ராஜா மூடா போட்டியின் பெரிய படகுகளுக்கு ஐஆர்சி என்ற வேறு முறை. அது நமக்கு இப்போது தேவையில்லை.

வெளியிடுதல்

வெளியீட்டுக் கட்டளை ஒரு இணையப் பக்கக் கோப்பைத் தரும். அதை உலாவியில் திறந்து பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப் குழுவில் போடலாம். மேலே “தற்காலிகம்” என்றும் மணியும் எழுத மறக்காதீர்கள். அறிவிப்பில் வேறு நேரம் சொல்லாவிட்டால், கடைசிப் படகு முடித்து இரண்டு மணி நேரம் வரை ஆட்சேபம் கொடுக்கலாம். அது தாண்டி, வந்த ஆட்சேபங்களும் தீர்ந்த பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். தொடர்க் கோப்பை ஒவ்வொரு வாரமும் தேதி போட்ட புதுப் பெயரில் சேமித்து, ஒரு நகலை இன்னொருவர் கணினியிலும் வையுங்கள். பென்சில் தாளைத் தொடர் முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.