ரேடானை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது

ரேடான் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகி, தரை விரிசல், குழாய் நுழையும் இடுக்கு வழியே வீட்டுக்குள் ஏறிவிடும். நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

சோதனைக் கருவி சின்ன டப்பாதான், ஆனால் வைக்கிற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் புழங்கும் அறைகளில் ஆகக் கீழே உள்ளதில், மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள். ஜன்னலோரம் வேண்டாம்; காற்றோட்டத்தில் அளவு குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும். சமையலறை, குளியலறையும் சரிப்படாது. ரேடான் அளவு நாளுக்கு நாள் மாறுவதால், இரண்டு நாள் சோதனையைவிட மூன்று மாதச் சோதனையை நம்பலாம்.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). தாண்டினால் விரிசலைப் பூசுவது மட்டும் பெரும்பாலும் போதாது. தரைக்கடியில் குழாய் இறக்கி, விசிறி வைத்து வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேலே வெளியேற்ற வேண்டியிருக்கும்.