பிஎஸ்ஏ இறங்கினால் மட்டும் போதாது: புராஸ்டேட் ஹார்மோன் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவின் ஃபைலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு கோடு போட்ட தாள். ஒரு பக்கம் தேதி, எதிரே பிஎஸ்ஏ எண் (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவு; புற்றுநோய் அடங்குகிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்), எல்லாம் அவர் கையெழுத்து. 212, 38, 4.1, 0.6 என்று அது இறங்க இறங்க எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டாவது வருடம் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி உட்கார்ந்தார். அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த வாரத்து பிஎஸ்ஏ 0.2. நோய் அடங்கித்தான் இருந்தது. எலும்பு என்ன நிலையில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை புதிதல்ல. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை வற்றவைத்தால் இந்தப் புற்றுநோய் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டியது 1941-ல். 1966-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். இன்றைய ஊசிகளும் மாத்திரைகளும் அதே கணக்கில்தான் ஓடுகின்றன. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் புற்றுநோய்க்கு மட்டும் தீனி போடுவதில்லை. எலும்பு, தசை, ரத்தம், மனசு, ஆசை எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. வருடக்கணக்கில் அது இல்லாமல் வாழப்போகிறவர் ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

ஊசித் தேதி

"மாசம் ஒரு ஊசி" என்று சொல்லிப் பழகிவிட்டோம். 28 நாளுக்கு ஒரு முறை போட வேண்டிய ஊசி என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13. மாதா மாதம் அதே தேதியில் போட்டால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். 12 வாரத்து ஊசி என்றால் 84 நாள். மூன்று மாதம் என்று எண்ணினால் 90-ஐத் தாண்டிவிடும். ஊருக்குப் போனோம், ஜுரம் வந்தது என்று இன்னும் ஒரு வாரம் கூடினால் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி தலைதூக்க இடம் கொடுக்கிறோம். எத்தனை மாதம் என்று கேட்காமல் எத்தனை நாள் என்று கேட்டு, அடுத்த தேதியை அங்கேயே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பிஎஸ்ஏ கூடினாலும் முதலில் பார்க்க வேண்டியது டெஸ்டோஸ்டிரோன் அளவைத்தான். டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தால்தான் ஊசி தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

ஆரம்ப வாரங்களில் இன்னொரு சிக்கல். லூப்ரோலைடு, கோசெரலின் போன்ற ஊசிகள் டெஸ்டோஸ்டிரோனை முதலில் சில நாட்கள் ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அந்த ஏற்றத்தைத் தாங்குவதற்காக பைகாலுடமைடு போன்ற மாத்திரையைச் சில வாரங்களுக்குக் கொடுப்பார்கள். 'ஊசிதான் போட்டாச்சே' என்று அதை விட்டுவிடாதீர்கள். முதுகெலும்பில் பரவியிருப்பவருக்கு அந்த ஏற்றமே ஆபத்து. டெகாரெலிக்ஸ் என்ற ஊசியில் இந்த ஆரம்ப ஏற்றம் இல்லை.

வெறும் வயிறும் நிறைந்த வயிறும்

எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு, காலைச் சாப்பாட்டோடு ஒரே மடக்கில் விழுங்குவது அப்பாவின் வழக்கம். அபிராடெரோன் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை வந்த பிறகும் அப்படியே செய்தார். மூன்று வாரம் கழித்துத்தான் டப்பாவுக்குள் இருந்த சீட்டை நான் படித்தேன். வழக்கமான 1000 மில்லிகிராம் அளவில் அதை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்: அதற்கு முன் இரண்டு மணி நேரம், பின் ஒரு மணி நேரம் சாப்பாடு கூடாது. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் சேரும் மருந்து பத்து மடங்கு வரை கூடிவிடும். (டாக்டரே அளவைக் குறைத்து, சாப்பாட்டோடு போடச் சொன்னால் அது வேறு கணக்கு. நீங்களாக அதைச் செய்யக் கூடாது.) ஆனால் அதோடு சேர்த்துக் கொடுக்கும் பிரட்னிசோலோனை வயிற்றில் ஏதாவது இருக்கும்போதுதான் போடுவார்கள். டாரோலுடமைடு என்ற இன்னொரு ஹார்மோன் சிகிச்சை மாத்திரை என்றால் அதையும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒவ்வொரு சட்டம். எங்கள் வீட்டில் டப்பாக்கள் இப்போது இரண்டு, மூடியிலேயே நேரம் எழுதியிருக்கிறது.

பிரட்னிசோலோன் என்றதும் 'ஸ்டீராய்டாச்சே' என்று பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அபிராடெரோனால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், காலில் நீர் கோக்கும். அதைக் கட்டுக்குள் வைக்கத்தான் அந்தச் சின்ன மாத்திரை. பல மாதங்கள் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்துவது தனியாக ஓர் ஆபத்து.

எலும்பு, தசை, இதயம்

சிகிச்சை தொடங்கும்போதே எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். கால்சியம், வைட்டமின் டி எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்புக்கு சோலெட்ரோனிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி போடப்போகிறார்கள் என்றால், அதற்கு முன் பல் டாக்டரிடம் ஒரு நடை போய் வந்துவிட வேண்டும். இந்த ஊசிகள் போட்டவருக்குப் பல்லைப் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும். பல் வலியோடு போய் நாற்காலியில் சாய்கிறவர் தனக்குப் போடும் எலும்பு ஊசியைப் பற்றிச் சொல்ல மறப்பது சகஜம். கூடப் போகிறவர் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஓய்வு. "உடம்பு அசதியா இருக்கு, படுத்துக்கிறேன்" என்பார் அப்பா. நாங்களும் போர்வையை எடுத்துக் கொடுத்தோம். பாசம்தான், ஆனால் தவறு. ஹார்மோன் சிகிச்சையால் வரும் அசதி படுத்தால் தீராது, கூடும். நடையும், தசைக்கு வேலை கொடுக்கும் எடைப் பயிற்சியும்தான் அதற்கு நிரூபணமான மருந்து. எலும்பில் பரவியிருந்தால் எந்த அசைவு கூடாது என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். ஹீமோகுளோபினும் கொஞ்சம் இறங்கும். உடனே கடையில் இரும்புச் சத்து மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், குறைவது இரும்பால்தானா என்று முதலில் தெரிய வேண்டும்.

அப்புறம் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு. 2010-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லூப்ரோலைடு, கோசெரலின் போன்ற ஹார்மோன் ஊசிகளின் உறையில் நீரிழிவு, இதய நோய் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. ஏற்கனவே மாரடைப்பு வந்தவர் அதைப் புற்றுநோய் டாக்டரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

வாய் திறக்காமல் இருப்பது

அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். ராத்திரி இரண்டு மூன்று தடவை உடம்பு கொதித்து, வியர்வையில் பனியன் நனைந்துவிடும். துடைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார். ஒரு வருடம் இதை டாக்டரிடம் சொல்லவே இல்லை. "இதையெல்லாம் போய் அவர்கிட்ட சொல்லணுமா?" என்றார். சொல்லத்தான் வேண்டும், அதைக் குறைக்க மருந்து இருக்கிறது. மார்பு வீங்கி வலிப்பதும் அப்படித்தான், ஆரம்பத்திலேயே சொன்னால் தடுக்க வழி உண்டு.

ஆசை வற்றிப்போவதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவர் ஒதுங்கிப் படுப்பதை அம்மா கோபம் என்று நினைத்திருந்தார். இது மருந்தின் வேலை என்று டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொன்ன பிறகுதான் இருவரும் மறுபடி சகஜமாகப் பேச ஆரம்பித்தார்கள். சட்டென்று கண் கலங்குவது, எரிந்து விழுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது எல்லாம் இந்தச் சிகிச்சையில் வரக்கூடியவை. வயசானால் அப்படித்தான் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மூலிகை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசி-ஸ்பெஸ் என்று எட்டு மூலிகை சேர்ந்த ஒரு மாத்திரை அமெரிக்காவில் விற்றது. பிஎஸ்ஏ நிஜமாகவே இறங்கியது. சோதித்துப் பார்த்தால் உள்ளே வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும், சில தொகுப்புகளில் செயற்கை ஈஸ்ட்ரோஜனும் இருந்தன. 2002-ல் அது சந்தையை விட்டே போனது. எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்; திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

எண் ஏறும்போதும், ஏறாதபோதும்

ஒரு கட்டத்தில் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் இருந்தும் பிஎஸ்ஏ ஏறத் தொடங்கலாம். 'ஊசி வேலை செய்யவில்லை, இனி எதற்கு' என்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். ஊசியைப் பெரும்பாலும் தொடர்ந்துகொண்டேதான் அதன்மேல் வேறு மருந்தைச் சேர்ப்பார்கள். டோசிடாக்செல் கீமோ, புதிய ஹார்மோன் மாத்திரைகள், பிஆர்சிஏ2 போன்ற மரபணு மாற்றம் இருப்பவருக்கு அதற்கென்றே உள்ள மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. அந்த மரபணுச் சோதனையின் பதில் பிள்ளைகளுக்கும் தேவைப்படும் தகவல்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம். 'பிஎஸ்ஏ நார்மல், அதனால் இந்த முதுகுவலி சும்மா வாயு' என்பது. சிலருக்கு பிஎஸ்ஏ அசையாமலே நோய் வளரும். எலும்பில் பரவியவருக்குப் புதிதாக முதுகுவலி வந்தால், படுத்தால் அது கூடினால், இருமும்போது சுண்டி இழுத்தால், நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை கட்டியது போல இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். கால் துவண்டாலோ, மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ அடுத்த வாரத்து அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கவே கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்றால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். அங்கே போனதும் "முதுகு வலிக்குது" என்று ஆரம்பிக்காதீர்கள், வலி மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். "புராஸ்டேட் கேன்சர், எலும்பில் பரவியிருக்கு, இப்போ கால் மரத்துப்போகுது, எம்ஆர்ஐ எடுக்கணுமா?" என்று முதல் வாக்கியத்திலேயே கேளுங்கள்.