பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த குரலை எப்படிக் கேட்பது?

இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் 2005-இல் இரண்டு சிடியாக வெளியிட்ட 'ஏரியல்' ஆல்பத்தை இனிமேல்தான் கேட்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதை மூன்று முறை தப்பாகக் கேட்டவன் நான். சொல்லிக்கொடுக்க அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

முதல் தப்பு, பழைய பாட்டுகளைக் கேட்டுவிட்டு உடனே இதைப் போட்டது. 1978-இல், 19 வயதில், தானே எழுதிய பாட்டோடு இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தவர் அவர். அதற்கு முன் அங்கே எந்தப் பெண்ணும் அப்படி வந்ததில்லை. அந்தக் குரல் ஊசி மாதிரி உச்சத்துக்கு ஏறும். 2005-இல் வந்த குரலோ கீழே இறங்கி, கொஞ்சம் அகலமாகி, நிதானமாக நடக்கிறது. ஊசிக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரமும் ஏமாற்றம்தான். அதனால் கேட்பதற்கு முன் ஒரு வாரம் அவருடைய வேறு எந்தப் பாட்டையும் தொடாதீர்கள். பத்தியம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தப்பு, பஸ்ஸில் கேட்டது. இது வீட்டில் கேட்க வேண்டிய ஆல்பம். ஏன் என்பதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்போது நாங்கள் ரெடிங்கில் இருந்தோம். மனைவி நர்ஸ், நைட் டியூட்டி. நான் வேலை கிடைக்காமல் கைக்குழந்தையோடு வீட்டில். இங்கிலாந்து வீடுகளில் வாஷிங் மிஷின் சமையலறை மேடைக்கு அடியில்தான் இருக்கும். குழந்தைத் துணி சுற்றிக்கொண்டே இருக்கும், நான் எதிரே உட்கார்ந்து பால் பாட்டில் கழுவிக்கொண்டிருப்பேன். அந்த நவம்பரில் ஆல்பம் வந்தது. 1993-க்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு ஆல்பமும் இல்லை. நடுவில் பத்திரிகைகள் அவரைப் பித்துப்பிடித்தவராக, வீட்டுக்குள் ஒளிந்துகொண்டவராக எழுதித் தள்ளியிருந்தன. சரி, இத்தனை காலம் என்னதான் செய்தார் என்று பார்ப்போம் என்று சிடியைப் போட்டேன்.

நாலாவது பாட்டு, 'மிஸஸ் பார்தொலோட்சி'. பியானோவும் குரலும் மட்டும்தான். சேறு மிதித்த தரையை ஒரு பெண் துடைக்கிறாள், அழுக்குத் துணியை மிஷினில் போடுகிறாள், அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கால்சட்டையும் ரவிக்கையும் தண்ணீருக்குள் பின்னிக்கொள்கின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கடலாகிவிடுகிறது. டியூட்டி முடிந்து வந்த மனைவி கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுவிட்டு, "ஏங்க, பன்னெண்டு வருஷம் காத்திருந்தது துணி துவைக்கிற பாட்டுக்கா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முன்னால் எங்கள் மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

அதனால் முதல் சிடியை வேலை செய்துகொண்டே கேளுங்கள். துணி மடிக்கலாம், வெங்காயம் உரிக்கலாம். சுமார் 38 நிமிஷம் ஓடும். அதற்குள் அவர் காணாமல்போன வருஷங்கள் எல்லாம் இருக்கின்றன. 1998-இல் பிறந்த மகன் பெர்ட்டிக்கு ஒரு பாட்டு. நானூறு, ஐந்நூறு வருஷம் பழைய பாணி நரம்புக் கருவிகளை வைத்துக்கொண்டு ஒரு அம்மா வெட்கமே இல்லாமல் கொஞ்சுகிறார். முதல் முறை எனக்கே கூச்சமாக இருந்தது. கையில் குழந்தையோடு இரண்டாம் முறை கேட்டபோது கூச்சம் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாமல் மறைவது எப்படி என்று மந்திரவாதியின் சமையல் குறிப்பு மாதிரி ஒரு பாட்டும் உண்டு. ஒளிந்துகொண்டார் என்று எழுதியவர்களுக்கு அதுதான் பதில் என்பது என் கணக்கு. இன்னொன்றில் 'பை' எண்ணின் இலக்கங்களை வரிசையாகப் பாடுகிறார். சரிபார்க்காதீர்கள். எங்கள் பையன் ஒன்பதாம் வகுப்பில் சரிபார்த்துவிட்டு, "அப்பா, நடுவுல 22 இலக்கத்தை முழுங்கிட்டாங்க" என்றான். அதிலிருந்து அந்தப் பாட்டு வந்தாலே எனக்குப் பாட்டு போய், அந்த ஓட்டைதான் கேட்கிறது.

கடைசிப் பாட்டு 'எ கோரல் ரூம்' வரும்போது மட்டும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுங்கள். அவருடைய அம்மா 1992-இல் இறந்தார். பாட்டில் அம்மாவின் பழுப்பு நிற ஜாடி ஒன்று வருகிறது. இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

மூன்றாவது தப்புதான் பெரியது: இரண்டாவது சிடியைத் துண்டு துண்டாகக் கேட்டது. இதில் ஒன்பது பாட்டு என்று அட்டையில் இருந்தாலும் 42 நிமிஷமும் ஒரே ஓட்டம். பகலில் தொடங்கி, அந்தியாகி, நள்ளிரவில் கடலில் குளித்து, விடியலில் முடிகிறது. 2010-இல் இதை ஒரே டிராக்காகவே இணையத்தில் விட்டார். இப்போது கிடைப்பது மறுபடி பிரித்த வடிவம், ஆகவே ஷஃபிளை அணையுங்கள். பாட்டுக்குப் பாட்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி கிராஸ்ஃபேட் வைத்திருந்தால் அதையும் அணையுங்கள்.

எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். திறந்தவெளியில் படம் வரையும் ஓவியர் ஒருவர் இதில் பேசுகிறார். 2005-இல் அந்தக் குரல் டிவி பிரபலம் ரோல்ஃப் ஹாரிஸுடையது. அவர் 2014-இல் பாலியல் குற்றங்களுக்காகச் சிறைக்குப் போனார். 2018 மறுபதிப்பில் அந்த இடத்தில் மகன் பெர்ட்டியின் குரல் இருக்கிறது. அதை வாங்குங்கள். தொடக்கத்தில் பறவைகள் ஏதோ பேசுகிற மாதிரி இருக்கிறது என்று மழலையில் சொல்வதும் அதே பெர்ட்டிதான். அந்தக் குழந்தை சில நிமிஷத்தில் வளர்ந்த ஆளாகப் பேசுவது பழைய பதிப்பில் இல்லாத ஒரு வரவு.

நேரம்: உங்கள் ஊரில் சூரியன் மறைவதற்குச் சரியாகக் கால்மணி நேரம் முன்னால் போடுங்கள். கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். முதல் நாலு பாட்டு பதின்மூன்றரை நிமிஷம். அதற்குள் ஓவியர் தூரிகை தவறி ஏதோ இழுத்துவிடுகிறார், மழை வந்து வண்ணமெல்லாம் வழிந்து கலைகிறது. 'சன்செட்' தொடங்கும்போது உங்கள் ஜன்னலிலும் அதே நிறம் வரும். மேகமூட்டமான நாளில் வேண்டாம்.

முதலில் இயர்போன் போட்டால் நல்லது. தொடக்கத்தில் காட்டுப்புறா குமுறும் சந்தத்தையே பியானோ பிடித்துக்கொண்டு போவது ஸ்பீக்கரில் நழுவிவிடும். 'ஏரியல் தால்' என்று ஒரு நிமிஷத் துண்டு வரும். பிளாக்பேர்ட் கத்துவதை அவர் வாயால் அப்படியே திருப்பிச் சொல்வார். நம் மைனா அளவு, கரிக்கருப்பு, ஆரஞ்சு மூக்கு உள்ள பறவை அது. நட்டுவனார் ஜதி சொன்னால் ஆடுகிறவர் வாங்கிக்கொள்வதைப் பார்த்த நமக்கு அது புதிதாக இருக்காது. ஆல்பத்தின் அட்டையில் கடலில் நிற்கும் பாறைகள் மாதிரி தெரிவதும் பாறை இல்லை, அந்தப் பறவை பாடிய ஒலியின் அலைவடிவம். கேட்டு முடித்த பிறகு எடுத்துப் பாருங்கள்.

மேடையில் இந்த 42 நிமிஷத்தையும் அவர் 2014-இல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் 22 இரவுகள் பாடினார். 1979 சுற்றுப்பயணத்துக்குப் பிறகு அதுதான் அவருடைய முதல் தொடர் கச்சேரி. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அதைப் பற்றி எழுதினால் இந்தக் குறிப்பு வேறு எங்கோ போய்விடும்.

இன்னும் ஒன்று. ஆட்டோபிளேயை அணைக்க மறந்துவிடாதீர்கள். கடைசிப் பாட்டில் அவர் பறவையோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரிப்பார், தாளம் ஏறிக்கொண்டே போய் சட்டென்று நிற்கும், பறவைச் சத்தம் மட்டும் மிஞ்சும். போன மே மாதம் நான் மறந்துவிட்டேன். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவருடைய 1985-ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்றின் டிரம்ஸ் தடதடவென்று வந்து குதித்தது. சமையலறையிலிருந்து மனைவி, "நிறுத்துங்க, அது இன்னும் முடியல" என்று கத்தினாள்.