எலுமிச்சையில் சிலந்திப்பேன்: குறைத்தது மருந்தா, மழையா?

சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) தாழ்வாரத்தில் கலமான்சி என்ற குட்டி எலுமிச்சை வளர்ப்பவர்களும், சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய குட்டி ஆரஞ்சுச் செடியைத் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருப்பவர்களும் வழக்கமாகச் சொல்வது, "வேப்பெண்ணெய் அடித்தேன், பேன் எல்லாம் போயே போச்சு" என்பதுதான். சரி, மருந்து அடிக்காத கிளை ஒன்றை ஒப்பிட விட்டுவைத்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. பெரிய தவறு இதுதான். இலைச்சாறு உறிஞ்சும் சிலந்திப்பேனுக்குக் காய்ந்த, மழை படாத இடம் பிடிக்கும், தாழ்வாரம் அதற்குச் சொர்க்கம். மருந்து அடித்த கையோடு தொட்டியை வெளியே நகர்த்தினால் நம்மூர்ச் சாயங்கால மழையே நிறைய பேன்களை அடித்துக்கொண்டு போய்விடும், நாமோ அதையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரே செடிதான் இருக்கிறதா? ஒரு கிளைக்கு மருந்து, எதிர்ப்பக்கக் கிளைக்கு வெறும் தண்ணீர், இரண்டிலும் வேறு வேறு நிற நூல். அடிக்கும்போது மற்ற கிளையைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள்.

இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பேன் சாறு உறிஞ்சி வெளிறிய இலை, பேன் செத்தபிறகும் வெளிறித்தான் இருக்கும். வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டி, 10 மடங்கு லென்ஸில் நகர்கிற புள்ளிகளை எண்ணுங்கள், அடிப்பதற்கு முன்பும் பின்பும். மறுநாளே எண்ணி வெற்றி என்று துள்ளவும் வேண்டாம். பல மருந்துகள் முட்டையைத் தொடுவதில்லை, இந்தச் சூட்டில் ஓரிரு வாரத்திலேயே அடுத்த தலைமுறை தயார். 3, 7, 14ஆம் நாட்களில் பாருங்கள்.

கரப்பானுக்கு வைத்திருக்கும் டின்னை எடுத்து அடிப்பது இன்னொரு தவறு. சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால், அது பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கொல்லிகள் பல அதைத் தின்னும் நல்ல பேன்களைக் கொன்று, சிலந்திப்பேனைப் பெருக விட்டுவிடும்.

எண்ணெயை உச்சிவெயிலிலோ வாடிய செடியிலோ அடித்தால் இலை கருகும், கந்தகம் அடித்துச் சில வாரங்களுக்குள் அடித்தாலும் அப்படித்தான். முதலில் நாலைந்து இலைகளில் மட்டும் அடித்து, கருகுகிறதா என்று இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அப்புறம், ஒரே நாளில் இரண்டு மருந்தைக் கலந்து அடித்தால் எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்?

மருந்து அடித்தபின் காய் பறிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது லேபிளிலேயே இருக்கும். மீ சியாம் நூடுல்ஸ் மேல் பிழியத்தானே வளர்க்கிறீர்கள், புட்டியைத் திறக்கும் முன்பே படித்துவிடுங்கள்.