எந்த நூறு பேர்? மருத்துவ ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. புதிதாக வந்திருந்த ஒரு வகைக் கருத்தடை மாத்திரைகள், பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்டால், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்துபோகும் அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்றது அது. செய்தி எல்லா இடத்திலும் பரவியது. ஏராளமான பெண்கள் மாத்திரையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த இரண்டு மடங்கைப் பிரித்துப் பார்க்கலாம். பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு ரத்தம் உறைந்தது. புதிய மாத்திரை சாப்பிட்ட 7,000 பேரில் இரண்டு பேருக்கு. ஒன்று இரண்டானால் இரண்டு மடங்குதான், கணக்கில் பொய் இல்லை. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது ரத்தம் உறையும் வாய்ப்பு இதைவிட அதிகம். சிறிய அபாயத்துக்குப் பயந்து, தெரியாமலே பெரிய அபாயத்துக்குள் போனார்கள் பலர். "7,000 பேரில் ஒருவர் கூடுதல்" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் எத்தனை பேர் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்?

மருத்துவச் செய்தி படிக்கும்போது நாம் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன என்பது என் எண்ணம். சதவீதத்தைப் பார்க்கிறோம், ஆட்களை எண்ணுவதில்லை. நூறு பேரில் எத்தனை பேர், அந்த நூறு பேர் யார், எத்தனை காலத்தில் என்று கேட்பதில்லை.

சதவீதத்தை அப்படியே விழுங்குவது

2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது. உடனே பலர் மனதில் ஓடிய கணக்கு: நூறு பேர் சாப்பிட்டால் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய். அப்படியல்ல. வாழ்நாளில் நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கு இந்த நோய் வரும் ஒரு சமூகத்தை எடுத்துக்கொண்டால், ஐந்தில் 18 சதவீதம் என்பது கிட்டத்தட்ட ஒன்று. அந்த நூறு பேரும் வாழ்நாள் முழுக்கத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் ஐந்து, ஆறு ஆகும். அந்த ஒருவரை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. அவர் பதினெட்டுப் பேர் இல்லை என்பதுதான் விஷயம்.

அதே செய்தியில் இன்னொரு குழப்பமும் நடந்தது. முதல் பிரிவில் புகையிலையும் இருக்கிறது. அப்படியானால் இறைச்சியும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்தா? இல்லை. அந்தப் பிரிவு, ஒரு பொருள் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு பேருக்கு உண்டாக்கும் என்பதைச் சொல்வதில்லை. இரண்டு பேர் குற்றவாளிகள் என்பது நிரூபணமாகிவிட்டது, சரி. ஒருவர் கொலை செய்தவர், இன்னொருவர் சில்லறைத் திருடர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சதவீதம் பயமுறுத்துவது மாதிரியே ஆசை காட்டவும் செய்யும். எடை குறைக்கப் பயன்படும் செமாக்ளூடைட் ஊசி பற்றிய செலக்ட் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை 20 சதவீதம் குறைந்தன. ஆட்களை எண்ணினால், போலி ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு இப்படி ஏதாவது நேர்ந்தது, மருந்து ஊசி போட்டவர்களில் 6.5 பேருக்கு. காலம், மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல். நூறு பேர் ஊசி போட்டுக்கொண்டால் ஒன்றரைப் பேர் தப்பிக்கிறார்கள். மருத்துவத்தில் இது நல்ல பலன்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நூறு பேர் யார்? 45 வயது தாண்டியவர்கள், உடல் பருமனோ அதிக எடையோ உள்ளவர்கள், ஏற்கெனவே இதய அல்லது ரத்தக்குழாய் நோய் வந்தவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். முப்பது வயதில் ஐந்து கிலோ குறைக்க நினைப்பவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

அல்சைமர் என்ற மறதி நோய்க்கான லெக்கனெமாப் மருந்து பற்றிய செய்தியும் இப்படித்தான் வந்தது. "நோய் 27 சதவீதம் மெதுவாகிறது." 1,795 பேரை வைத்து 18 மாதம் நடந்த ஆய்வு அது. நினைவையும் அன்றாடச் செயல்பாட்டையும் அளக்கும் 18 புள்ளி கொண்ட ஓர் அளவுகோலில், மருந்து எடுக்காதவர்கள் 1.66 புள்ளி சரிந்தார்கள், எடுத்தவர்கள் 1.21. வித்தியாசம் 0.45. அதோடு, எடுத்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. இந்த 0.45 ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு தெரியும் என்பது பற்றி நிபுணர்களே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"பாசிடிவ்" என்றால் நோய் என்று எண்ணுவது

பரிசோதனை விஷயத்தில் மருத்துவர்களே சறுக்குகிறார்கள். ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் மகப்பேறு மருத்துவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு வயதுப் பிரிவில் நூறு பெண்களில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறது. நோய் இருந்தால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே 90 சதவீதம் கண்டுபிடித்துவிடும். நோய் இல்லாதவர்களிலும் 9 சதவீதம் பேருக்குத் தவறாகப் பாசிடிவ் காட்டும். ஒரு பெண்ணுக்குப் பாசிடிவ் வந்திருக்கிறது. அவருக்குப் புற்றுநோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? பெரும்பாலானவர்கள் தவறாகச் சொன்னார்கள், பலர் 80, 90 சதவீதம் என்றார்கள்.

ஆட்களை எண்ணுவோம். 1,000 பெண்கள். 10 பேருக்கு நோய், அதில் 9 பேருக்குப் பாசிடிவ். மீதி 990 பேருக்கு நோய் இல்லை, ஆனால் 89 பேருக்குப் பாசிடிவ். மொத்தம் 98 பாசிடிவ், அதில் நிஜமாக நோய் உள்ளவர்கள் 9. பத்தில் ஒருவர்கூட இல்லை. இதை அறியாமல், முடிவு வந்த இரவே உயில் எழுத உட்காருபவர்கள் உண்டு.

ஆனால் இதைப் படித்துவிட்டு எதிர்த் தவறைச் செய்துவிடாதீர்கள். மேலே சொன்ன 1,000 பேர் எந்த அறிகுறியும் இல்லாமல் வந்தவர்கள். கட்டி தட்டுப்பட்டு வந்தவர்களை 1,000 பேர் எடுத்தால் அதில் நோயாளிகள் பத்துப் பேர் இல்லை, அதைவிட மிக அதிகம். பரிசோதனை அதே பரிசோதனைதான், கூட்டம் மாறிவிட்டது, அதனால் பாசிடிவின் எடையும் மாறிவிடும். எந்தக் கூட்டமானாலும் பாசிடிவ் வந்தால் அடுத்த கட்டப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்குத்தான் அது.

சீக்கிரம் கண்டுபிடிப்பது எப்போதுமே நல்லது என்பதும் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. தென் கொரியாவில் 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது, கூடவே கழுத்தில் அல்ட்ராசவுண்டும் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல் 15 மடங்கு ஆனது. அந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை? மாறவே இல்லை. அதாவது கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதி, ஆள் வாழ்ந்து முடிக்கும்வரை தொல்லை தராமல் இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகள். அவற்றுக்காகச் சுரப்பியை அகற்றிக்கொண்டவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. சிலருக்குக் குரல் பாதித்தது.

நோய் தெரிந்து ஐந்தாண்டு கழித்தும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்லும் "ஐந்தாண்டு பிழைப்பு விகிதம்" என்ற எண்ணும் இங்கே ஏமாற்றும். எழுபது வயதில் ஒரு நோயால் இறக்கப்போகிறவருக்கு 67-ல் நோய் தெரிந்தால் அவர் ஐந்தாண்டு பிழைக்காதவர். 60-லேயே தெரிந்துவிட்டால் பிழைத்தவர். இறந்தது இரண்டு முறையும் எழுபதில்தான். சிகிச்சை உயிரைக் காக்கிறதா என்று பார்க்க, இறப்பு விகிதம் குறைந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

எலியும் கண்ணாடித் தட்டும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலியில் வேலை செய்த மருந்துகளில் பெரும்பாலானவை மனிதர்களுக்கு வந்து சேர்வதில்லை. 2020-ல் ஆஸ்திரேலியாவில் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து கொரோனா வைரஸை அடக்கியது. தட்டில் இருந்த மருந்தின் செறிவு, வழக்கமான அளவில் மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் வருவதைவிட மிக மிக அதிகம். செய்தியில் தட்டு இருந்தது, செறிவு இல்லை. பின்னால் மனிதர்களிடம் நடத்திய பெரிய சோதனைகளில் பலன் தெரியவில்லை. தட்டில் ஊற்றினால் ப்ளீச்சும் வைரஸைக் கொல்லும்.

இரண்டும் சேர்ந்து வந்தால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்பது

பீட்டா கரோட்டின் என்ற சத்து அதிகமுள்ள காய், பழங்களைச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. அப்புறம் பின்லாந்தில் 29,133 ஆண்களை, எல்லாரும் புகைபிடிப்பவர்கள், குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரையும் மற்றவர்களுக்கு அது இல்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். காய்கறி நிறையச் சாப்பிடுபவர் வேறு பல விதங்களிலும் வேறுபட்டவர். அவர் குறைவாகப் புகைப்பார், நடப்பார், வசதியும் இருக்கலாம். அவரிடமிருந்து ஒரு சத்தை மட்டும் பிடுங்கி மாத்திரையாக்கினால் அவர் உடல்நலம் கூடவே வந்துவிடாது.

மருந்து ஓர் அளவைச் சரி செய்தால் ஆளையும் காப்பாற்றும் என்று எண்ணுவதும் இதன் தங்கைதான். மாரடைப்பு வந்தவர்களுக்கு இடையிடையே துடிப்பு தப்பினால் திடீர் மரண அபாயம் கூடுதல். அந்தத் தப்பிய துடிப்பை அடக்கும் மருந்துகள் நிறையப் பேருக்குக் கொடுக்கப்பட்டுவந்தன. காஸ்ட் என்ற சோதனை அதைச் சரிபார்த்தது. 1991-ல் வெளியான முடிவின்படி, அப்படிப்பட்ட இரண்டு மருந்துகளை எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். போலி மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். துடிப்பு ஒழுங்காகத்தான் ஆனது, ஆட்கள்தான் இறந்தார்கள். ஆகவே "கொழுப்பு குறைந்தது", "கட்டி சுருங்கியது" என்ற செய்தியைப் படித்தால் அடுத்த வரியில் மரணம், மாரடைப்பு, வலி, நடமாட்டம் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பாதிச் செய்திதான் வந்திருக்கிறது.

கூட்டத்தை வெட்டி வெட்டிப் பார்ப்பது

1988-ல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வு, மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 17,187 பேரை வைத்து நிறுவியது. ஆண், பெண், வயது என்று பிரித்துப் பிரித்து முடிவு தரச் சொன்ன மருத்துவ இதழின் ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்ல, ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் உதவவில்லை, சற்றுக் கெடுதல் போலவே தெரிந்தது! மற்ற ராசிகளுக்கு அமோகம். போதுமான துண்டுகளாக வெட்டினால் ஏதோ ஒரு துண்டில் விபரீதம் தெரியத்தான் செய்யும்.

ஆனால் எல்லாப் பிரிவும் ராசிபலன் இல்லை. 2020-ல் ரெகவரி சோதனை, டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய ஸ்டீராய்டு கொரோனா நோயாளிகளைக் காப்பாற்றுகிறது என்று காட்டியது. வெண்டிலேட்டரில் இருந்தவர்களில் மருந்து பெறாதவர்கள் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள், பெற்றவர்கள் 29 பேர். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் நிலைமை தலைகீழ்: பெறாதவர்களில் 14, பெற்றவர்களில் 18 பேர் இறந்தார்கள். பிந்திய வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் அவர்களுக்குப் பலன் இல்லை என்பது தெளிவு. மூச்சுத் திணறல் அளவை வைத்துப் பிரிப்பது என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள், ஆட்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், காரணமும் புரிந்தது. ராசிக்கு இவற்றில் எதுவும் கிடையாது. "ஸ்டீராய்டு கொரோனாவைக் குணமாக்கும்" என்ற தலைப்பை மட்டும் படித்து, லேசான காய்ச்சலுக்கே மாத்திரை வாங்கி விழுங்கியவர்கள் எந்த நூறு பேரில் இருந்தார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தலைப்பைப் படித்து மருந்தை நிறுத்துவது

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், ஒருநாள் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார். "முதியவர்களுக்கு ஆஸ்பிரினால் பயனில்லை, ரத்தக் கசிவுதான் மிச்சம்" என்று படித்தாராம். பொய்ச் செய்தி இல்லை. 2018-ல் வந்த ஆஸ்ப்ரீ ஆய்வு, 19,114 முதியவர்கள். அவரை உட்கார வைத்து, யாரைச் சேர்த்தார்கள் என்ற பகுதியைக் காட்டினேன். இதய நோய் வந்திராத, ஆரோக்கியமான முதியவர்கள். நோயே வராதவர்கள் தடுப்புக்காக விழுங்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி. ஸ்டென்ட் வைத்தவரை அந்த ஆய்வுக்குள் விட்டிருக்கவே மாட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப இது என்னைப் பத்தி இல்லையா?" என்றார். மாத்திரை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து மருத்துவருக்குப் போன் செய்தோம்.