கைமாற்று கேட்கப் போகும் முன் யாரிடம் கேட்பது?

கடை வாடகைக்குக் குறைகிறது, பிள்ளைக்கு மருந்து வாங்கணும், ஆனால் ஒருவரிடம் வாய் திறந்து கேட்டால் ஈமானுக்கு (இறைநம்பிக்கைக்கு) குறைவோ என்று தயங்கும் சகோதரர்கள் நம் ரங்கூனில் நிறையப் பேர். "உன்னிடமே உதவி தேடுகிறோம்" என்று தினமும் குர்ஆனின் முதல் சூராவான (அத்தியாயமான) ஃபாத்திஹாவில் ஓதிவிட்டு மனிதரிடம் போகலாமா என்பது அவர்கள் கேள்வி. தாராளமாகப் போகலாம், ஆனால் ரப்பிடம் (இறைவனிடம்) கேட்டுவிட்டுப் போங்கள்.

மத்யன் ஊருக்குத் தப்பி வந்த மூஸா நபிக்கு அங்கே தெரிந்தவர் யாருமில்லை. இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நிழலில் ஒதுங்கி, "இறைவா, நீ எனக்கு இறக்கும் எந்த நன்மைக்கும் நான் தேவையுள்ளவன்" என்று கேட்டார். வேலையும் இடமும் கல்யாணமும் அந்தப் பெண்களின் தகப்பனார் வழியாக வந்தன.

அதனால் ஃபஜ்ர் எனும் அதிகாலைத் தொழுகைக்கு முன்னால் எழுந்து இரண்டு ரக்அத் தொழுது கையேந்துங்கள். தமிழோ பர்மியோ, வாயில் வருகிற பாஷையில், தொகையைக்கூடச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் ஆளிடம் போங்கள். அவர் உயிரோடு இருக்கணும், காரியம் அவரால் முடிவதாக இருக்கணும். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் தர்காவுக்குப் போனால் ஸலாம் சொல்லி, 1862-ல் இங்கே கைதியாகவே மவுத்தான அந்த மன்னருக்காக துஆ செய்யுங்கள். பிள்ளை வரத்தையும் வியாபாரத்தையும் அவரிடம் கேட்காதீர்கள். இதில் நம்மவர்களுக்குள் வாக்குவாதம் உண்டு, தெரியும். ஆனால் "நான் அருகில் இருக்கிறேன்" என்று அல்லாஹ்வே குர்ஆனின் பகரா சூராவில் சொன்ன பிறகு நடுவில் ஆள் எதற்கு?

கடன் வேறு, யாசகம் வேறு. கையேந்தும் அனுமதியை நபி (ஸல்) மூன்று பேருக்குத்தான் தந்தார்கள்: பிறர் கடனுக்குப் பொறுப்பேற்றவர், பேரிடரில் சொத்து இழந்தவர், வறுமையில் விழுந்ததை அவருடைய மக்களே அறிந்தவர். 2025 மார்ச் நிலநடுக்கத்தில் மாண்டலேயில் எல்லாம் இழந்தவர்கள் வெட்கப்படவே வேண்டாம்.

ஜும்ஆ முடிந்து கூட்டத்தில் யாரையும் மடக்காதீர்கள். தனியாகப் பார்த்து, "பாய், வாடகைக்கு மூன்று லட்சம் கியாட் குறையுது, ரமலானுக்குள்ள தந்துடறேன், முடியலன்னாலும் வருத்தமில்ல" என்று நேராகச் சொல்லுங்கள். தராவிட்டால் ஸலாம் சொல்லி எழுந்து வாருங்கள், வெளியே போய்க் குறை பேசாதீர்கள். தந்தால் ஜஸாகல்லாஹ் (அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்) சொல்லி, தொகையையும் தேதியையும் எழுதி, சாட்சிகளோடு கையெழுத்துப் போடுங்கள். "நமக்குள்ள எதுக்கு பாய் எழுத்து" என்று அவரே தடுத்தாலும் விடாதீர்கள், எழுதச் சொன்னது குர்ஆன்.